ஒரு தடவை சிவந்தாலும் போதும்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஞாயிறு காலை பேசியதன் எழுத்து வடிவம்)



முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு முப்பத்தாறு வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன். கவுண்டரில் பணம் எண்ணியிருக்கிறேன், லெட்ஜரில் கூட்டல் கழித்தல் போட்டிருக்கிறேன், காசோலையில் கையெழுத்தை ஒத்துப் பார்த்திருக்கிறேன். இன்று பேசப்போவதும் அந்த அனுபவத்தை வைத்துத்தான்.

போன மாதம் லிஃப்ட் பக்கத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஒரு பரிசோதனைக் கூடம் நம் குடியிருப்பிலேயே முகாம் நடத்த முன்வந்திருக்கிறது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்குச் சிறுநீரை வைத்தே சிறுநீர்ப்பை புற்றுநோயை ஆரம்பத்தில் கண்டுபிடிக்கும் 'மார்க்கர்' பரிசோதனை, தலைக்கு 1,800 ரூபாய். சங்கம் மொத்தமாகச் சேர்த்தால் சலுகை உண்டாம். இதில் சேரலாமா வேண்டாமா என்று இன்று முடிவெடுக்க வேண்டும். அந்த நோயோடு இரண்டு வருடமாகக் கணக்கு வழக்கு வைத்திருக்கிறவன் என்பதால் செயலாளர் என்னைப் பேசச் சொன்னார்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் கூச்சப்பட்டதால்தான் நான் மூன்று மாதத்தைத் தொலைத்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன் சித்திரை மாதம். நம் ஊர் வெயில் உங்களுக்குத் தெரியும். ஏற்காடு மலை அடிவாரத்தில் இருக்கிறோம் என்று பேர்தான், மதியத்தில் மொட்டை மாடியில் கால் வைக்க முடியாது. ஒரு நாள் காலை சிறுநீர் ரோஸ் மில்க் நிறத்தில் போயிற்று. வலி இல்லை, எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை. முந்தின நாள் வீட்டில் பீட்ரூட் பொரியல். சரி, அதுதான் என்று நினைத்தேன். மதியமும் அப்படியே போனது. அப்போது, உடம்புச் சூடு என்று முடிவு கட்டினேன். இரண்டு இளநீர், சாயங்காலம் நுங்கு, ராத்திரி ஊறவைத்த வெந்தயம். மறுநாள் தெளிந்துவிட்டது. இளநீரின் மகிமையே மகிமை என்று என் நண்பர்கள் இரண்டு பேருக்கு வைத்தியம்கூடச் சொன்னேன். வீட்டம்மாவிடம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆடி மாதம் மறுபடி வந்தது. அப்போது மழை பெய்து ஊரே குளிர்ந்து கிடந்தது, பீட்ரூட்டும் இல்லை. இந்தத் தடவை சாக்குச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. மகள் போனில் கேட்டுவிட்டு, "அப்பா, இன்னைக்கே யூராலஜிஸ்ட்கிட்டப் போறீங்க" என்றாள். போனேன். ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் டாக்டர் விடவில்லை. "சின்னக் கட்டி ஸ்கேன்ல தப்பிச்சுக்கும்ங்க, உள்ள கேமரா விட்டுப் பார்த்துரலாம்" என்றார். சிஸ்டோஸ்கோப்பி என்று பேர். சிறுநீர் வரும் பாதையில் மரத்துப்போகும் ஜெல்லி தடவி, மெல்லிய குழாயில் கேமராவை வைத்து உள்ளே பார்ப்பது. பையின் சுவரில் பூ மாதிரி ஒரு சின்ன வளர்ச்சி இருந்தது.

பிறகு மயக்க ஊசி போட்டு அதே பாதை வழியாகவே கருவி விட்டுச் சுரண்டி எடுத்தார்கள். வயிற்றில் கத்தி படவில்லை. பயாப்ஸி முடிவில், வேர் தசைக்குள் இறங்கவில்லை என்று வந்தது. இந்த நோயில் தலையெழுத்தை நிர்ணயிப்பது அந்த ஒரு வரிதான். தசைக்குள் இறங்காதவரை பையைக் காப்பாற்றிக்கொள்ள வழி உண்டு. இறங்கிவிட்டால் பெரும்பாலும் பையையே எடுக்க வேண்டி வரும், இல்லாவிட்டால் கதிர்வீச்சும் மருந்தும் சேர்ந்த கடினமான சிகிச்சை.

கன்னட நடிகர் சிவராஜ்குமாரை 'ஜெயிலர்' படத்தில் பார்த்திருப்பீர்கள். அவருக்கும் இதே நோய்தான். 2024 டிசம்பரில் அமெரிக்காவில் மியாமியில் அவருடைய சிறுநீர்ப்பையை அகற்றி, குடலின் ஒரு பகுதியைக் கொண்டே புதிய பை செய்து வைத்தார்கள். புத்தாண்டு அன்று வீடியோவில் வந்து, நலமாக இருக்கிறேன் என்று சொன்னார். பெரிய மனிதர் வெளிப்படையாகச் சொன்னதால் நிறையப் பேருக்கு இப்படி ஒரு நோய் இருப்பதே தெரிந்தது.

எனக்கு அவ்வளவு தூரம் போகவில்லை. குழந்தை பிறந்ததும் போடுகிறோமே பிசிஜி, கிண்டியில் 1948-ல் தயாரிக்கத் தொடங்கிய அந்தக் காசநோய்த் தடுப்பூசி, அதே வகை மருந்தை வாரம் ஒன்றாக ஆறு வாரம் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தினார்கள். கனடாவைச் சேர்ந்த ஆல்வாரோ மொராலஸ் என்ற டாக்டர் 1976-ல் வெளியிட்ட வைத்தியம் இது. மருந்து உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு வருகிறது.

இந்த நோய்க்கு ஒரு கெட்ட குணம் உண்டு, திரும்பத் திரும்ப வரும். அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கேமரா விட்டுப் பார்க்க வேண்டும். மூன்றாவது தடவை நான் டாக்டரிடம் கேட்டேவிட்டேன். "ஏனுங்க டாக்டர், சிறுநீரை டெஸ்ட் பண்ணியே கண்டுபிடிக்கிற மார்க்கர் வந்திருக்குதாமே, எனக்கு அது போதாதா?" அவர் சிரித்துவிட்டு, விவரமாகச் சொன்னார். வீட்டுக்கு வந்து நானும் நிறையப் படித்தேன். படித்ததில் உங்களுக்கு உதவுவதை மட்டும் சொல்கிறேன்.

சிறுநீர்ப்பையின் உள்சுவர் எப்போதும் சிறுநீரில் நனைந்துகொண்டிருக்கிறது. அதிலிருந்து உதிரும் அணுக்கள் சிறுநீரோடு வெளியே வருகின்றன. கட்டி இருந்தால் அதன் அணுக்களும் வரும். ஆகவே சிறுநீரைப் பார்த்தே நோயைப் பிடிக்கலாம் என்ற எண்ணம் நியாயமானது, பழையதும்கூட. பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குச் செய்யும் 'பாப் ஸ்மியர்' கேள்விப்பட்டிருப்பீர்கள். அதைக் கண்டுபிடித்த பாப்பனிகொலாவ்தான் 1945-ல் சிறுநீரின் வண்டலை மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் புற்று அணுக்களைக் கண்டுபிடிக்கும் முறையையும் வெளியிட்டார். அதற்கு சைட்டாலஜி என்று பேர், இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதற்குப் பிறகு, கட்டியின் அணுக்கள் விடும் புரதத்தைப் பிடிக்கும் சோதனைகள் வந்தன. என்எம்பி 22 என்பது அதில் ஒன்று. நாலு சொட்டுச் சிறுநீர், அரை மணி நேரத்தில் முடிவு. பிறகு குரோமோசோம்களையும் மரபணுக்களையும் பார்க்கும் சோதனைகளும் வந்தன.

இந்த இடத்தில் ஒரு பெரிய மனிதரின் கதையைச் சொல்ல வேண்டும். நம் வயதுக்காரர்களுக்குப் பள்ளிக்கூடத்தில் தட்டில் போட்ட கோதுமை உப்புமா நினைவிருக்கும். அமெரிக்கா உணவு உதவியாக அனுப்பிய தானியம். அந்த உணவு உதவித் திட்டத்துக்காக அந்நாட்டுச் செனட் சபையில் குரல் கொடுத்தவர்களில் ஒருவர் ஹூபர்ட் ஹம்ப்ரி. பிறகு துணை ஜனாதிபதி ஆனார். 1966 ஜனவரியில் லால் பகதூர் சாஸ்திரியின் இறுதிச் சடங்குக்கு டில்லி வந்தவரும் அவர்தான்.

1967-ல் ஹம்ப்ரிக்குச் சிறுநீரில் ரத்தம் வந்தது. சிறுநீரை மைக்ராஸ்கோப்பில் பார்த்த நிபுணர் ஒருவர் புற்றுநோய் என்றார், மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. மறு வருடம் அவர் ஜனாதிபதி தேர்தலில் நின்று நிக்சனிடம் தோற்றார். 1973-ல் கதிர்வீச்சுச் சிகிச்சை. 1976-ல் நோய் ஆழமாகப் பரவியிருந்ததால் பையையே எடுத்தார்கள். 1978 ஜனவரி 13 அன்று காலமானார்.

கதை அதோடு முடியவில்லை. 1994-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள், பத்திரமாக இருந்த அந்த 1967-ஆம் வருடத்துச் சிறுநீர் மாதிரியை எடுத்துப் பார்த்தார்கள். 1976-ல் வெட்டி எடுத்த கட்டியில் பி53 என்ற மரபணுவில் என்ன பிழை இருந்ததோ, அதே பிழை ஒன்பது வருடத்துக்கு முந்தைய சிறுநீரிலும் இருந்தது. சாட்சி ஒன்பது வருடம் முன்பே வந்து நின்றிருக்கிறது. அதை விசாரிக்கும் கருவிதான் அன்றைக்கு இல்லை.

இதைப் படித்தபோது, அப்படியானால் மார்க்கர் சோதனையை எல்லோருக்கும் செய்துவிட வேண்டியதுதானே என்று எனக்கும் தோன்றியது. ஆனால் யோசித்துப் பாருங்கள். 1994-ல் அவர்கள் கையில் கட்டியே இருந்தது. எந்தப் பிழையைத் தேடுகிறோம் என்று தெரிந்து தேடினார்கள். வங்கியில் மாதிரிக் கையெழுத்து அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காசோலையைப் பார்ப்பது மாதிரி. நோட்டீஸ் ஒட்டி, அறிகுறியே இல்லாத இருநூறு பேரை வரிசையில் நிறுத்திச் சோதிப்பது வேறு விஷயம். அது அட்டையே இல்லாமல் கையெழுத்து சரியா என்று சொல்லச் சொல்வது.

இப்போது கணக்குக்கு வருகிறேன். 2005-ல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. ரத்தம் போவது மாதிரி அறிகுறியோ, புகைப்பழக்கம் மாதிரி காரணமோ உள்ள 1,331 பேரைச் சோதித்தார்கள். 79 பேருக்குச் சிறுநீர்ப்பை புற்றுநோய் இருந்தது. அதில் என்எம்பி 22 பிடித்தது 44 பேரை. 35 பேரை விட்டுவிட்டது. பழைய சைட்டாலஜி முறை 76 பேரில் 12 பேரை மட்டுமே பிடித்தது. ஆனால் சைட்டாலஜி நோய் இல்லாதவரை அநேகமாகத் தப்பாகச் சந்தேகப்படவில்லை, நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. என்எம்பி 22 நோய் இல்லாத நூறு பேரில் 14 பேரைச் சந்தேகப்பட்டது. ஒரு நல்ல செய்தியும் உண்டு. முதல் கேமராவில் தெரியாமல் போன நாலு கட்டிகளை இந்தச் சோதனை காட்டிக்கொடுத்தது. ஆக, டாக்டர் கையில் அது உதவியாள்.

அதே கணக்கை நம் குடியிருப்புக்குப் போடுவோம். ஐம்பதைத் தாண்டியவர்கள் இருநூறு பேர் என்று வையுங்கள். ஒரு பேச்சுக்கு அதில் ஒருவருக்கு நோய் இருக்கிறது என்றும் வையுங்கள். நோய் இல்லாத 199 பேரில் சுமார் 28 பேருக்கு 'பாசிட்டிவ்' என்று காகிதம் வரும். 28 வீட்டில் அன்று ராத்திரி தூக்கம் இருக்காது. அத்தனை பேரும் கேமரா சோதனைக்குப் போக வேண்டும். சரி, அந்த ஒருவராவது மாட்டுவாரா? ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு. தப்பிவிட்டால் அவர் கையில் 'நெகட்டிவ்' காகிதம் இருக்கும். நாளைக்கு ரத்தம் வந்தாலும், "போன மாதம்தானே டெஸ்ட் பண்ணினோம்" என்று உட்கார்ந்துவிடுவார். எனக்குப் பயம் 28 பேரைப் பற்றிக்கூட இல்லை, அந்த ஒருவரைப் பற்றித்தான். நான் இளநீரை நம்பினேன், அவர் காகிதத்தை நம்புவார்.

அந்த 28 பேர் ஏன் தப்பாக மாட்டுகிறார்கள்? சிறுநீரில் தொற்று, சிறுநீரகக் கல், எரிச்சல் எது இருந்தாலும் இந்தப் புரதம் கூடும். போர்த் தண்ணீரும் வெயிலும் உள்ள நம் பக்கத்தில் கல் இல்லாத குடும்பம் எது? உங்களுக்கே தெரியும்.

அமெரிக்க அரசுக்கு ஆலோசனை சொல்லும் தடுப்பு மருத்துவக் குழு 2011-ல், அறிகுறி இல்லாத பொதுமக்களுக்கு இந்தச் சோதனைகளைச் செய்யப் பரிந்துரைக்கும் அளவுக்கு ஆதாரம் போதாது என்று சொல்லிவிட்டது. அதே சமயம், சிறுநீரில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருந்து, ஆபத்து நடுத்தரமாக உள்ளவர்களில் கேமராவுக்குத் தயங்குகிறவர்களுக்கு டாக்டர் இத்தகைய சோதனையைப் பயன்படுத்தலாம் என்று அந்நாட்டுச் சிறுநீரியல் சங்கம் 2025-ல் வழிகாட்டியிருக்கிறது. விஞ்ஞானம் நின்றுவிடவில்லை. யாருக்கு, எப்போது என்பதை டாக்டர் முடிவு செய்ய வேண்டும், லிஃப்ட் பக்கத்து நோட்டீஸ் அல்ல.

இன்னொன்று. 'கேன்சர் மார்க்கர் பேக்கேஜ்' என்று விளம்பரம் வந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று படியுங்கள். பிஎஸ்ஏ, சிஇஏ, சிஏ 125 என்று இருந்தால் அவை ரத்தப் பரிசோதனைகள். பிஎஸ்ஏ புராஸ்டேட்டுக்கு. இவற்றில் எதுவும் சிறுநீர்ப்பை நோயைப் பிடிப்பதற்கானது இல்லை. அது நார்மல் என்றால் இதுவும் நார்மல் என்று நினைக்கக் கூடாது.

அப்படியானால் நாம் என்ன செய்வது? நம்மிடம் ஏற்கெனவே ஒரு மார்க்கர் இருக்கிறது, காசு கொடுக்க வேண்டாம். அது நம் கண். சிறுநீர்ப்பை புற்றுநோயின் முதல் அடையாளம் பெரும்பாலும் வலியில்லாமல் போகும் ரத்தம். வலி இல்லை என்பதால் நாம் பயப்படுவதில்லை. தானே நின்றுவிடும் என்பதால் மறந்துவிடுகிறோம். கட்டியிலிருந்து ரத்தம் விட்டு விட்டுத்தான் கசியும், நிற்பது குணமானதற்கு அடையாளம் இல்லை. ரத்தம் போகிற எல்லோருக்கும் புற்றுநோய் என்று அர்த்தமும் இல்லை. நிறையப் பேருக்குக் கல்லாகவோ தொற்றாகவோ புராஸ்டேட் வீக்கமாகவோதான் இருக்கும். ஆனால் எது என்று தீர்மானிக்க வேண்டியது டாக்டர், நாம் இல்லை. ஒரே ஒரு தடவை சிவந்தாலும் போய்ப் பார்த்துவிட வேண்டும்.

தாய்மார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பெண்களுக்கு இந்த நோய் குறைவு, ஆனால் கண்டுபிடிக்கத் தாமதமாகிறது. நீர்க்கடுப்பு, இன்ஃபெக்ஷன் என்று மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி வாங்கிப் போட்டே மாதங்கள் ஓடிவிடுகின்றன. மாதவிலக்கு நின்ற பிறகு சிவப்பாக எது தெரிந்தாலும் அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரை சாப்பிட்டும் திரும்பத் திரும்ப வந்தால் சிறுநீர் கல்ச்சர் செய்யச் சொல்லிக் கேளுங்கள். கல்ச்சரில் கிருமி இல்லை, ரத்தம் மட்டும் இருக்கிறது என்றால் யூராலஜிஸ்டிடம் போக வேண்டும்.

இதய நோய்க்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நம்மில் பலர். ரத்தம் வந்தால் அந்த மாத்திரையின் மேல் பழியைப் போட்டுவிடாதீர்கள், தானாக மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம். அவர்களும் மற்றவர்கள் மாதிரியே முழுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

சர்க்கரைக்காக வருடா வருடம் எடுக்கும் சாதாரண யூரின் ரொட்டீன் ரிப்போர்ட்டில் 'ஆர்பிசி' என்று ஒரு வரி இருக்கும். சிவப்பணுக்கள் என்று அர்த்தம். மைக்ராஸ்கோப்பில் பார்த்த எண்ணிக்கை 3 அல்லது அதற்கு மேல் இருந்தால் டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள். சர்க்கரையை மட்டும் பார்த்துவிட்டு ரிப்போர்ட்டைப் பீரோவில் வைத்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் வைத்திருந்தேன்.

யார் அதிகக் கவனமாக இருக்க வேண்டும்? முதலில் புகைப்பவர்கள், முன்பு புகைத்தவர்கள். இந்த நோயில் ஏறக்குறைய பாதி புகையால் வருவது. புகையில் உள்ள நச்சு ரத்தத்தில் கலந்து, சிறுநீரகம் வடிகட்டி, பையில் மணிக்கணக்காகத் தங்குகிறது. நான் இருபத்திரண்டு வருடம் சிகரெட் பிடித்தவன். கேஷ் டேலி ஆகாத நாட்களில் இரண்டு கூடுதல். நிறுத்திப் பத்து வருடம் ஆன பிறகும் கணக்கு என்னைத் தேடி வந்தது. நிறுத்தினால் ஆபத்து குறையும் என்பது உண்மை, ஆனால் பழைய பாக்கி உடனே தீராது. பீடியும் அப்படித்தான்.

அடுத்தது சாயத் தொழில். 1895-லேயே ஜெர்மனியில் லுட்விக் ரென் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர், சாயத் தொழிற்சாலை ஆட்களுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வருவதைச் சுட்டிக்காட்டினார். பென்சிடின் போன்ற சில ரசாயனங்கள்தான் காரணம் என்று பிறகு தெரிந்தது. அந்த வகைச் சாயங்களை மத்திய அரசு 1990-களில் தடை செய்தது. ஆனால் நோய் வருவதற்கு இருபது முப்பது வருடம்கூட ஆகும். சேலம், பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் சாயப்பட்டறையில் இளவயதில் வேலை பார்த்த அப்பாவோ மாமாவோ உங்கள் வீட்டில் இருந்தால், டாக்டரிடம் போகும்போது அதை மறக்காமல் சொல்லுங்கள். அவர் கேட்கமாட்டார், நாம்தான் சொல்ல வேண்டும்.

முடிவாக, சங்கத்துக்கு என் யோசனை மூன்று. ஒன்று, அந்த மார்க்கர் பேக்கேஜ் நமக்கு வேண்டாம். இரண்டு, வழக்கமாக நடத்தும் சர்க்கரை, பிபி முகாமில் யூரின் ரொட்டீனையும் சேர்த்துவிடுவோம், ரிப்போர்ட்டைப் படிக்க ஒரு டாக்டரையும் உட்கார வைப்போம். மூன்று, 'ஒரு தடவை சிவந்தாலும் டாக்டரைப் பாருங்கள்' என்று லிஃப்ட் பக்கத்தில் நாமே ஒரு நோட்டீஸ் ஒட்டுவோம். யூராலஜி டாக்டரைத் தேடி எங்கேயும் ஓட வேண்டாம், சேலத்திலேயே இருக்கிறார்கள்.

எனக்கு அடுத்த கேமரா சோதனை ஐப்பசியில். டாக்டர் என் சிறுநீரையும் சைட்டாலஜிக்கு அனுப்புகிறார், கேமராவும் விடுகிறார். இரண்டு கையெழுத்து இருந்தால்தானே பாஸ் பண்ண முடியும்? இதுவரை எல்லாத் தடவையும் கணக்கு சரியாக இருக்கிறது.

வீட்டில் சொல்லக் கூச்சமாக இருந்தால், ஆண்கள் யாராக இருந்தாலும் என்னிடம் வந்து சொல்லுங்கள். பி பிளாக்கில் ராத்திரி பத்து மணி வரை விளக்கு எரியும். காரணம் கேட்கமாட்டேன், கதை பேசமாட்டேன். காலையில் உங்களோடு டாக்டரிடம் வருகிறேன். பெண்கள் எங்கள் வீட்டம்மாவிடம் சொல்லலாம். இப்போது அவருக்கு எல்லாம் தெரியும்.